தலைகீழாய் நின்ற கல்

சீனத்துச் சூச்சோ நகரில் ‘தலைகீழ் அகென்’ என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். வெறும் அகென் என்றால், எந்த அகென் என்பார்கள். படித்தவர்கள் மேசைமேல் வைத்து ரசிக்கும் கற்களுக்கு மரப்பீடம் செதுக்குவது அவன் தொழில். முதலாளியை விட்டு விலகித் தனிக்கடை போட்ட வருடம் அந்தப் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

முதல் வேலை தந்தவர் வெங் ஐயா. ஒரு சாண் உயரக் கல். பீடத்துக்கென்று அவர் அப்பா உட்கார்ந்த நாற்காலியின் உடைந்த கால். நல்ல செஞ்சந்தனம். இதைச் சொதப்பினால் படித்தவர்கள் எவரும் தன் கடைப்படி ஏறமாட்டார்கள் என்பது அகெனுக்குத் தெரியும்.

மனைவி சுய்யிங் கல்லைக் கழுவி, ஈரம் வடியக் கவிழ்த்து வைத்தாள். மறுநாள் அது நின்ற அழகில் அவனுக்குச் சந்தேகமே வரவில்லை. அடியில் விளக்குக்கரி பூசி மரத்தில் அழுத்தினான். கரி ஒட்டிய இடத்தை மட்டும் சீவினான். மறுபடி பூசி, மறுபடி அழுத்தி, மயிரிழை இடைவெளி இல்லாமல் கல் பீடத்தில் உட்காரும்வரை விடவில்லை.

வெங் ஐயா வந்து பார்த்தார்.

“என்னய்யா இது? மலையைக் குடுத்தா தலைகீழா நட்டு வச்சிருக்க!”



“தப்பு என்னுதுங்க ஐயா,” என்று சுய்யிங் உள்ளிருந்து வந்தாள். “கழுவிக் கவுத்து வச்சது நான்தான்.”

“நீ கழுவுனதோட சரி. கண்ணைத் திறந்துக்கிட்டே செதுக்குனது நான்தானே?” என்ற அகென், அவர் பக்கம் திரும்பினான். “வேற மரம் தேடிச் செஞ்சு தர்றேனுங்க.”

“எங்கப்பா நாற்காலிக்கு அஞ்சாவது கால் எங்கய்யா இருக்கு?”

சுய்யிங் வைத்த தேநீரைப் பாதி குடித்தார். “சாயங்காலம் நண்பருங்க வர்றாங்க. மேசை காலியாக் கிடக்கு. இதையே கட்டு,” என்று எடுத்துப் போனார்.

குளிர்காலம் முழுக்க ஒருவரும் கல் கொண்டுவரவில்லை. பெயர் மட்டும் பரவியது. “அகெண்ணே, வாலு மேல பாக்குற மாதிரி கட்டித் தரட்டா?” என்றான் மீன்காரன்.

பிளம் மரங்கள் பூத்தபோது வெங் ஐயா வேறொரு கல்லோடு வந்து, அதை மேசையில் படுக்கவைத்தார்.

“அந்தக் கல்லு எப்படிங்க இருக்கு?”

“நிக்குது. மேகம் மாதிரி இருக்குன்னு வர்றவங்கெல்லாம் அதையே பாக்கறாங்க. எனக்குத்தான் இன்னும் கழுத்து வலிக்குது.”

அகென் ஒரு சிவப்பு நூலை நீட்டினான். “எது தலைன்னு நீங்களே கட்டிக் குடுத்துடுங்க ஐயா.”

வெங் ஐயா கல்லை இப்படியும் அப்படியும் புரட்டினார். தேநீர் ஆறிப்போனது. கடைசியில் நூலை அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

“உன் பொண்டாட்டியக் கூப்புடு. கழுவி வைக்கட்டும்.”