காரணம்: ஜாலி

போன செவ்வாய்க்கிழமை ஈக்காட்டுத்தாங்கலில் என் நண்பர் குமாரின் பட்டறையில் உட்கார்ந்திருந்தேன். ரப்பர் வாஷர் தயாரிக்கிறார். டீ குடித்துக்கொண்டிருந்தபோது சூப்பர்வைசர் ஒரு லீவு ஃபாரத்தோடு வந்தார். "சார், இதைக் கொஞ்சம் பாருங்க."

பேக்கிங்கில் ஒன்பது வருடமாக வேலை செய்யும் தேவியின் ஃபாரம். வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு. 'காரணம்' என்ற இடத்தில் ஒரே வார்த்தை — ஜாலி.

குமாருக்குக் கோபம். வெள்ளிக்கிழமைதான் லோடு போக வேண்டும். தேவியைக் கூப்பிட்டார்.

"என்னம்மா இது, விளையாட்டா?"

"இல்ல சார், நெசமாத்தான் எழுதிக்கீறேன். கவருமெண்டுல தூக்கிப் பெரும்பாக்கத்துல வூடு குடுத்ததுலேர்ந்து நாலரைக்கு எய்ந்து, ரெண்டு பஸ்ஸு மாறி வர்றேன். ஒரு நாளு சும்மா இருக்கணும் சார்."

"அதுக்கு ஜுரம்னு எழுத வேண்டியதுதானே?" என்றார் சூப்பர்வைசர்.

"அதெல்லாம் எழுதியாச்சு. எங்க பெரிம்மாவகூட ரெண்டு தபா சாவடிச்சிட்டேன். அது இன்னும் நல்லாத்தான் கீது... பாவம் சார்!"

நான் சிரித்துவிட்டேன். குமார் சிரிக்கவில்லை. தேவியும்தான். முந்தானையை இறுக்கிப் பிடித்திருந்தார். வேலை போய்விடுமோ என்ற பயம்.

ஆங்கிலத்தில் 'ஜாலி' என்ற வார்த்தைக்கு உற்சாகம், குதூகலம் என்றுதான் பொருள். தமிழுக்கு வந்ததும் அதில் கொஞ்சம் சந்தேகத்தைக் கலந்துவிட்டோம். 'பையன் ஜாலி டைப்' என்று சொல்லிப் பாருங்கள்... பெண் வீட்டார் அக்கம்பக்கத்தில் விசாரிக்கக் கிளம்பிவிடுவார்கள். அதுவாவது பையன். நாற்பது வயதுப் பெண்ணுக்கு இந்த வார்த்தையை யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

குமார் ஃபாரத்தைத் திருப்பி நீட்டினார். "சொந்த வேலைன்னு மாத்தி எழுது. கையெழுத்துப் போடறேன்."

"சொந்த வேலை எதுவும் செய்யக் கூடாதுன்னுதான் சார் லீவே கேக்குறேன்."

குமார் ஃபாரத்தைத் திரும்ப வாங்கினார். பிறகு, எதையும் மாற்றாமல் கையெழுத்துப் போட்டார். லோடை சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்.

சனிக்கிழமை எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குமாருக்குப் போன் போட்டேன். அவர் தேவியிடம் கொடுத்தார்.

"என்னம்மா செஞ்சீங்க நேத்து?"

"இன்னா சார் செய்வேன்? ஒம்போது மணி வரிக்கும் தூங்கினேன். கடைல ரெண்டு முட்ட தோச வாங்கித் துன்னேன். சாயந்தரம் அயுகையா வந்துச்சு, இன்னாத்துக்குன்னே தெர்ல. அப்பால அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு."

ஜுரம் என்றால் உடனே நம்பிவிடுகிறோம். சந்தோஷத்துக்குத்தான் விளக்கம் கேட்கிறோம்.

நானும்தான் போன் போட்டுக் கேட்டேனே!