பின்னறைக்குப் போன கம்பி

“ஏறுதல், தவழ்தல், கைகளைத் தலைக்கு மேல் உயர்த்துதல் ஆகியவை தேவைப்படும் எந்த வேலைக்கும் நிரந்தரமாகத் தகுதியற்றவர்.”

லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து, லிஃப்ட் குழிக்குள்ளேயே விழுந்த ஒருவரைப் பற்றி மருத்துவக் குழு எழுதிக்கொடுத்த வரி இது. காலமெல்லாம் மற்றவர்களை மேலே அனுப்பிக்கொண்டிருந்தவர் இனி ஒரு முக்காலியின் மேல்கூட ஏறக் கூடாது. அவர் உத்தரவை மதித்தார். பல்பு மாற்றக்கூட மைத்துனனைத்தான் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, அவன் மாற்றுகிற விதம் சரியில்லை என்று கீழே நின்று திட்டினார்.

தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். கையால் தொட முடியாத எதையும் நம்பமாட்டார். வைஃபை என்று யாராவது சொன்னால் போதும், பேய்க்கதை கேட்பவரைப் போல முகத்தை வைத்துக்கொள்வார். இத்தனைக்கும் அவர் மணந்திருப்பது, வெறும் காற்றில் கைகளால் பேசிச் சம்பாதிக்கிற பெண்ணை.

அந்தக் கல்யாணத்துக்குக் காரணமும் ஒரு லிஃப்ட்தான். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டில் இரண்டு பெண்கள் மாட்டிக்கொண்டார்கள். கதவிடுக்கு வழியாக இவர் “பயப்படாதீங்க, ஒண்ணுமே இல்ல” என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். கதவைத் திறந்தால் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவளுக்குக் காது கேட்காது. இவர் கத்தியதையெல்லாம் இளையவள் சைகையில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். “அக்கா கேக்குறா, இவர் எதுக்கு இவ்வளவு பயந்துபோயிருக்காருன்னு” என்றாள். அந்த இளையவள்தான் மனைவி.

அவள் சைகைமொழி மொழிபெயர்ப்பாளர். மருத்துவமனையில் காது கேளாத ஒருவர் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார். இவள் வீட்டின் பின்னறையில், நிறுவனம் கொடுத்த டேப்லெட்டின் முன்னால் உட்கார்ந்து, டாக்டர் பேசுவதைக் கைகளாலும் முகத்தாலும் சொல்வாள். நோயாளியின் விஷயம் வேறு யார் கண்ணிலும் படக் கூடாது என்பது விதி. கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய அறை அந்த வீட்டில் அது ஒன்றுதான். இன்டர்நெட் வந்து இறங்குவதோ வாசலை ஒட்டிய முன்னறையில். நடுவே கனத்த இரண்டு சுவர்கள், சமையலறை, ஃபிரிட்ஜ், குளியலறை. பின்னறைக்குப் போய்ச் சேரும்போது சிக்னல் மூச்சுவாங்கியது. படம் திக்கியது.

“பேச்சுல ஒரு வார்த்தை விட்டுப்போனா முன்னே பின்னே வெச்சு ஊகிச்சுக்கலாம்,” என்றாள் மனைவி. “கை நடுவுல நின்னுட்டா அது வார்த்தை இல்லைங்க. வெறும் கை.”

மைத்துனன் சுலபமாகச் சொன்னான். “கூரைக்குக் கீழ இருக்குற பரண் வழியா ஒரு கேபிள் இழுத்துடலாம் மாமா. நான் ஏறுறேன்.”

“நீயா? பல்பையே தப்புப் பக்கமாத் திருகுற ஆளு நீ.”

“அப்ப நீங்க ஏறுங்க.”

தன் வீட்டில் இன்னொருவன் கம்பி இழுக்க, தான் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதை லிஃப்ட்காரரால் தாங்க முடியாது. அந்த ஒரு காரணத்துக்காக, வாழ்நாளில் முதல்முறையாக, அவர் காற்றை நம்பினார். கடைக்குப் போய், ஒரு பெட்டி வாங்கும் சிக்னலை இன்னொரு பெட்டி காற்றிலேயே வாங்கிப் பரப்புகிற மெஷ் செட் வாங்கிவந்தார். வெள்ளையாக, சோப்புப்பெட்டி போல இரண்டு பெட்டிகள். ஒன்றை முன்னறை ரவுட்டரில் மாட்டினார். மற்றொன்றை, சிக்னல் எங்கே இல்லையோ அங்கேயே வைப்பதுதானே நியாயம் என்று, மனைவியின் மேஜைமேலேயே வைத்தார். டேப்லெட்டில் சிக்னல் கோடுகள் முழுசாக நின்றன.

“பாத்தியா,” என்றார்.

“உங்க வாயால வைஃபையைப் பாராட்டிட்டீங்க,” என்றாள் அவள். அந்தக் கோடுகளை நம்பித்தான் அந்த வார வேலையை ஒப்புக்கொண்டாள்.

அதில் ஒரு தாய் இருந்தாள். காது கேளாதவள். அவளுடைய குழந்தை தீவிர சிகிச்சையில் இருந்தது. டாக்டர், குழந்தையின் நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது, ஆனால் இன்னொரு அறுவைசிகிச்சை தேவைப்படலாம் என்று சொல்லத் தொடங்கினார். மனைவி கைகளைத் தூக்கினாள். படம் நின்றது. நின்ற கணம் அவள் கண் சிமிட்டிய கணம். மூடிய கண்கள், கீழே இழுபட்ட வாய், பாதி உயர்ந்த கைகள். மருத்துவமனையில் இருந்த திரையில் அந்த முகம் அப்படியே உறைந்து நின்றது. அந்தத் தாய் அதைப் பார்த்தாள். குழந்தை போய்விட்டது என்று எடுத்துக்கொண்டாள்.

படம் மறுபடி ஓடியபோது அவள் தரையில் கிடந்தாள். டாக்டர் குனிந்து, காது கேட்காதவளிடம் “இல்ல, இல்ல” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தால்தான் இவள் கைகள் தெரியும். அவள் நிமிரவில்லை.

அழைப்பு முடிந்தபின் மனைவி வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்தாள். விதிப்படி எதையும் சொல்லக் கூடாது. பெயர், ஊர் எதுவும் சொல்லாமல், திரையில் தன் முகத்துக்கு நடந்ததை மட்டும் சொன்னாள்.

லிஃப்ட்காரர் பின்னறைக்குள் போனார். மேஜைமேல் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். தப்பு எங்கே என்று புரிய அதிக நேரம் ஆகவில்லை. டேப்லெட் காட்டிய கோடுகள், அதற்கும் பக்கத்தில் இருந்த பெட்டிக்கும் உள்ள நெருக்கத்தைத்தான் காட்டின. அந்தப் பெட்டிக்கே முன்னறைப் பெட்டி சொல்வது சரியாகக் கேட்கவில்லை. அரைகுறையாகக் கேட்டதைப் பக்கத்தில் நின்று உரக்கச் சொல்கிற ஆளை அவர் மேஜைமேல் வைத்திருந்தார். நடுவழியில், சமையலறை வாசலில் வைத்துப் பார்த்தார். பெருமளவு சரியானது. ஆனால் ஃபிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே எப்போதாவது ஒருமுறை படம் தயங்கியது. எப்போதாவது என்பதற்கு இனி அந்த வீட்டில் மதிப்பில்லை.

மறுவாரம் நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். குழந்தைக்கு அறுவைசிகிச்சை முடிவாகியிருக்கிறது. நாளை டாக்டர் விளக்கப்போகிறார். அந்தத் தாய் இவளேதான் வேண்டும் என்கிறாள். தப்பாகச் சொன்ன முகமே வந்து சரியாகச் சொல்லட்டும் என்றாளாம்.

“முடியாதுன்னு சொல்லிட்டேன்,” என்றாள் மனைவி. “இந்த வேலையே வேண்டாம்னும் சொல்லப்போறேன்.”

“எப்ப சொல்லப்போற?”

“சந்தைக்குப் போயிட்டு வந்து.”

மைத்துனன் வெளியூரில் இருந்தான். அவள் பையை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பியதும், லிஃப்ட்காரர் பெட்டியை மறுபடி பின்னறை மேஜைமேல் வைத்துவிட்டு, ஏணியைப் பரண் வாசலுக்குக் கீழே சாய்த்தார்.

கேபிளின் ஒரு நுனியை ரவுட்டரில் சொருகி, மறுநுனியை இடுப்பு பெல்ட்டில் கட்டிக்கொண்டார், குழியில் விழுந்ததிலிருந்து வலது கை இழுக்காது என்பதால். பரணில் இடது முழங்கையை ஊன்றி, மரச்சட்டத்துக்குச் சட்டம் உடம்பைத் தள்ளினார். முழங்கால் சட்டத்தில் படும் ஒவ்வொரு முறையும் நின்று மூச்சுவிட்டார். கரண்ட் வயரோடு சேராமல் கேபிளைத் தள்ளிப் போட்டார். பின்னறை மூலைக்கு மேலே, கேபிளின் முனை நுழையும் அளவுக்கு இடது கையாலேயே துளை போட்டார். அங்கேயே சற்றுப் படுத்துக்கிடந்தார்.

மனைவி திரும்பிவந்தபோது ஏணி இருந்தது. ஆள் இல்லை. பின்னறைக் கூரையிலிருந்து ஒரு கம்பி தொங்கியது.

“என்னங்க, எங்க இருக்கீங்க?”

“மேல.”

“இறங்குங்க முதல்ல.”

“ஏறுறதுக்கே இவ்வளவு நேரமாச்சு. இறங்குறதைப் பத்தி இன்னும் யோசிக்கல. அந்தக் கம்பியை உன் மேஜைப் பெட்டியோட பின்னாடி சொருகு.”

“உங்களுக்கு அறிவு இருக்கா?”

“சொருகிட்டுக் கேளு.”

அவள் சொருகினாள். இனி அந்தப் பெட்டிக்கு முன்னறையை எட்டிக் கேட்கவேண்டிய அவசியம் இல்லை. விஷயம் கம்பியிலேயே வந்தது. அவள் டேப்லெட்டில் அக்காவைக் கூப்பிட்டாள். இருவரும் வெகுநேரம் கைகளால் பேசினார்கள். ஒரு விரல்கூட நடுவில் நிற்கவில்லை.

“அக்கா என்ன சொல்றா?” என்றது கூரை.

“அங்கேயே குடியிருக்கச் சொல்றா.”

அவரை இறக்குவதற்கு அடுத்த வீட்டிலிருந்து இரண்டு பேர் வரவேண்டியிருந்தது. வலது தோள் வீங்கியது. அதன்பின் அந்தக் கை முன்போலக்கூட உயரவில்லை. அவள் அவரோடு பேசாமலே ஒத்தடம் கொடுத்தாள். கொடுத்து முடித்ததும் நிறுவனத்தை அழைத்து, நாளைக்கு வருகிறேன் என்றாள்.

மறுநாள் பின்னறைக் கதவு சாத்தப்பட்டது. அவர் முன்னறையில், ரவுட்டர் விளக்கைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நேரம் நீண்டது. உள்ளிருந்து சத்தம் எதுவும் வரவில்லை, வராது. கடைசியில் அவள் வந்தாள். ஒரு டம்ளர் தண்ணீரை நின்றபடியே குடித்தாள். முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

“முழுசாச் சொன்னேன்,” என்றாள். “அவ கடைசிவரைக்கும் என் கையையே பாத்தா. அடுத்த வாரமும் நானே வர்றேன்னு சொல்லியிருக்கேன்.”

லிஃப்ட்காரர் செய்தது இதுதான்: முன்னறையிலிருந்து பின்னறைக்கு ஒரு கம்பி இழுத்தார்.