கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை

ஒரு வியாழக்கிழமை காலையில் என் கிரைண்டர் படுத்துக்கொண்டது. மோட்டார் உறுமுகிறது, டிரம் அசையவில்லை. ஆயர் ஈத்தாம் ஃபிளாட்டில் தோசை மாவு விற்றுப் பிழைக்கிறவள் நான். ஃபேக்டரியில் ஆள் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து வீட்டு வாடகையும் மகளின் காலேஜ் செலவும் இந்த மெஷின் தலையில்தான். சனிக்கிழமை மாவு கொடுக்காவிட்டால் வாடிக்கைக்காரர்கள் கீழே மினி மார்க்கெட் பாக்கெட்டுக்குப் போய்விடுவார்கள். போனவர்கள் திரும்பி வர மாட்டார்கள்.

கவிழ்த்துத் திறந்து பார்த்தேன். டிரம்மைச் சுற்றுகிற பிளாஸ்டிக் பல்சக்கரம், உள்ளங்கையில் அடங்குகிற சாமான், பல்லெல்லாம் தேய்ந்து மொழுக்கென்று இருந்தது. கல்லில் ஒரு கீறல்கூட இல்லை. டாக்சி பிடித்து, வாங்கின கடைக்கே டவுனுக்குத் தூக்கிப் போனேன்.

கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை. "அக்கா, அந்தச் சாமான் தனியா வராதுலா. பழச குடுத்துட்டுப் புதுசு எடுத்துக்குங்க. ப்ரோமோஷன் ஓடுது, நல்ல டிஸ்கவுண்ட்."

அவர் தலைக்குப் பின்னால் பச்சையில் ஒரு பெரிய போஸ்டர். ஒன்றையொன்று துரத்தும் அம்புகளால் ஒரு வட்டம். 'சுழற்சிப் பொருளாதாரம்: வட்டார வளர்ச்சியில் நமது பங்கு.' பழைய மெஷின்கள் மறுசுழற்சிக்குப் போகுமாம். பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். ஆள் உயரத்துக்குக் குவிந்து கிடந்தன. பாதி என்னுடைய மாடல்.

"அண்ணே, அதுல ஒன்னுலேர்ந்து இந்தச் சக்கரத்த மட்டும் கழட்டிக் குடுங்க. காசு தரேன்."

"முடியாதுக்கா. ரீசைக்கிள் கம்பெனிக்கு முழுசாத்தான் குடுக்கணும்."

"எடுத்துட்டுப் போயி என்னா செய்வான்?"

"நசுக்கி உருக்குவான்."

"நசுக்குறதுக்கு எதுக்குண்ணே முழுசா? சரி, கல்ல?"

"கல்ல யாருக்கா உருக்குவா? தூக்கிப் போட்ருவான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலகத்துக்கே கம்ப்யூட்டர் சிப் செய்து அனுப்புகிற ஊர் இது. பல வருடம் நானே தலை நிமிராமல் அந்த வேலையைச் செய்திருக்கிறேன். பாலமேறிக் கடலைத் தாண்டினால் அக்கரையில் பாகான் டாலாம் பக்கம் பட்டறைகள் இருக்கின்றன. இந்தச் சக்கரத்தை இங்கேயே செய்தால் நாலு பேருக்கு வேலையாவது கிடைக்கும். அதைச் செய்ய மாட்டார்கள். நல்ல கல்லைத் தூக்கி எறிந்துவிட்டு, கப்பலில் புதுக் கல்லை இறக்கிவிட்டு, அதற்கு வட்டம் போட்டு வளர்ச்சி என்று பெயரும் வைப்பார்கள். யாருடைய வளர்ச்சி? என் அடுப்படியில் ஒன்றும் வளரவில்லை.

மெஷினைத் தூக்கிக்கொண்டு வெளியே அஞ்சடி நடைபாதையில் வந்து உட்கார்ந்தேன். அப்போது ஒரு பெண் காரிலிருந்து இறங்கி, அதே மாடலை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கடையை நோக்கி வந்தாள்.

"அக்கா, உள்ள போகாதீங்க. ஒங்களுது என்னா கெட்டுச்சு?"

பைத்தியத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "மோட்டர் கருகிப்போச்சு. ஏன்?"

விஷயத்தைச் சொன்னேன். கடைக்காரர் கொடுக்கிற டிஸ்கவுண்ட் காசை நானே தருகிறேன், சக்கரத்தை மட்டும் கொடுங்கள் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு அவளும் தரையில் உட்கார்ந்தாள். பக்கத்துச் சாவிக் கடையில் ஸ்க்ரூ டிரைவர் இரவல் வாங்கினேன். அவளுடைய சக்கரத்தில் ஒரு பல்கூடப் போகவில்லை. கழற்றி என்னுடையதில் மாட்டி, கையால் சுற்றிப் பார்த்தேன். டிரம் சுழன்றது. சனிக்கிழமை மாவுக்கு இனிப் பயமில்லை.

கோபம்தான் இறங்கவில்லை. இது இவ்வளவு சுலபம் என்று தெரிந்ததும் இன்னும் ஏறியது.

கடைக்காரர் வெளியே வந்தார். "அக்கா, இங்க வச்சிக் கழட்டாதீங்கலா. கஸ்டமர் பாக்குறாங்க."

"பாக்கட்டும்ண்ணே! நல்லா பாக்கட்டும்! உள்ள கெடக்குறதையும் கொண்டாந்து போடுங்க, பாக்கட்டும்!" நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமாக இல்லை.

அந்த நேரம் ஓர் ஆள் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, பின்னால் கட்டியிருந்த கிரைண்டரை அவிழ்க்க ஆரம்பித்தார். நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவள் எழுந்து அவர்முன் போய் நின்றாள்.

"அண்ணே, நில்லுங்க. ஒங்களுது மோட்டர் ஓடுதா?"