நாலரை மணி விமானம்

கார் நிக்கோபாரிலிருந்து போர்ட் பிளேருக்குக் கப்பலில் வந்தால் ராத்திரி முழுக்க ஆட்டம். விமானத்தில் சுமார் ஒரு மணி நேரம். எட்டு மாதக் கர்ப்பத்தில் கால் வீங்கித் தலைசுற்றல் வந்த என் மனைவியை அதனால்தான் விமானத்தில் அனுப்பினார் அங்கிருந்த டாக்டர். அவள் அங்கே பள்ளிக்கூட டீச்சர். நான் இங்கே குமாஸ்தா. பட்டாளத்துச் சரக்கு விமானத்தில் ஓர் இடம் கிடைத்தது. காலையில் வரும் என்றார்கள், மணி சொல்லவில்லை.

பத்தேகாலுக்கு ஜீப்போடு விமானத் திடலில் இருந்தேன். வயர்லெஸ் அறையில் ஆள் இல்லை; வாசலில் ஒரு சீட்டு குத்தியிருந்தது: 'கார் நிக்கோபார் புறப்பாடு 0430.'

வேறு ஊர்க்காரனாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பான். எங்கள் தீவுகளிலோ நாலரைக்கே வெளுக்கத் தொடங்கிவிடும். நம்பிவிட்டேன். நாலரையும் ஒன்றும் ஐந்தரை. ஐந்தரைக்கு வந்திருக்க வேண்டியவள் இன்னும் ஆகாயத்தில்!

ஆபீசில் யார் பதறினாலும் கிண்டல் செய்கிறவன் நான். அன்று காவல்காரரிடம் ஓடி, "பாய்சாப், ஹவாய் ஜஹாஸ் கும் ஹோ கயா!" என்று கத்தினேன். விமானம் காணாமல் போனது எங்கே என்று அவர் கேட்டார். அது தெரிந்தால் காணாமல் போனதாகுமா? வழி தவறிக் கட்சால் தீவில் இறங்கியிருக்குமோ என்று யோசித்தேன். அங்கே விமானத் திடல் ஏது, ரப்பர் மரத்தின் மேல்தான் இறங்க வேண்டும். தீயணைப்பு வண்டிக்காரரிடம், "அண்ணே, வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்க" என்றேன்.

"எங்க தீ?"

"தீயில்லண்ணே, கடலுக்குப் போகணும்."

அவர் என் வாயருகே முகர்ந்து பார்த்தார்.

அதற்குள் வயர்லெஸ்காரர் டீ குடித்துவிட்டு வந்தார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். சீட்டைப் பிடுங்கி அவர் மூக்கருகே நீட்டினேன்.

"அண்ணாச்சி, திமாக் கராப் ஆயிட்டா, மூளை குழம்பிட்டா?" என்றார் அவர். " வயர்லெஸ்ல எப்பவும் லண்டன் டைம்தான். இதோட அஞ்சரை மணி கூட்டும்."

கூட்டினேன். பத்து.

அப்படியானால் அவள் காணாமல் போனதாக நான் கணக்குப் போட்ட அத்தனை மணி நேரமும் அவள் வீட்டில் இட்லி தின்றுகொண்டிருந்திருக்கிறாள். சிரிப்பு பாதி வரும்போதே நின்றது. இப்போது மணி பத்து நாற்பது. இந்த நிமிஷம்தான் அவள் நிஜமாகவே கடலுக்கு மேலே இருக்கிறாள். தெற்கே மேகம் கறுத்திருந்தது. முன்பைவிட மோசமாகப் பதறினேன்.

பதினொன்று தாண்டியதும் விமானம் இறங்கியது. வயிற்றைப் பிடித்தபடி மெதுவாகப் படியிறங்கியவள், என் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஏங்க, டாக்டர் என்ன எழுதி அனுப்பினாரு? எனக்கு ஏதும் பெருசா இருக்கா? மறைக்காதீங்க."

"ஒண்ணுமில்லம்மா" என்று சிரித்துக் காட்டினேன். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவள் அழ ஆரம்பித்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்த நர்ஸ், ஏறியிருக்கிறது, முதலில் கணவரை வெளியே அனுப்புங்கள் என்றார். அரை மணி கழித்து மறுபடி பார்த்தபோது இறங்கியிருந்ததாம்.