மஞ்சள் மழைக்கோட்டு

மண்வெட்டி சிமெண்டில் உரசும் சத்தத்தை என்னால் இன்னும் தாங்க முடிவதில்லை. தம்போயில் எங்கள் தாமானில் இன்று கோத்தோங் ரோயோங்; குடியிருப்பே கூடிச் செய்யும் துப்புரவு வேலை. கால்வாயைத் தூர்வாரும் வரிசையில் நானும் நிற்கிறேன். காது மட்டும் நான் வளர்ந்த உலு திராமுக்குப் போய்விட்டது.

அப்போது எனக்கு எட்டு வயது. அம்மா வாங்கித் தந்த மஞ்சள் மழைக்கோட்டைப் பள்ளியில் எல்லோரும் கேலி செய்தார்கள். அதைச் சுருட்டி, வாசல் கால்வாயை மூடிய சிமெண்டுப் பலகைக்கு அடியில் திணித்துவிட்டு, தொலைந்துபோனது என்று சொன்னேன். அடுத்த பெருமழையில் கால்வாய் பொங்கி, பக்கத்து வீட்டு மாரியாயி அக்காவின் மெத்தை வரை நனைந்துவிட்டது. அந்த ஞாயிற்றுக்கிழமை தெருவே மண்வெட்டியோடு இறங்கியது. உரசல் சத்தம் வீடு வீடாக நெருங்க நெருங்க, நான் வாசற்படியை விட்டு நகரவில்லை.

எங்கள் வாசல் பலகையைத் தூக்கியவர் அப்பா. சேற்றோடு மஞ்சள் வெளியே வந்தது. கழுத்துப் பட்டையில் அம்மா எழுதிய என் பெயர் அழியவே இல்லை.

"என்னா அண்ணே அது?" என்றார் மாரியாயி அக்கா.

அப்பா என்னைப் பார்த்தார். "ஒன்னுமில்ல, வெறும் பிளாஸ்டிக்கு லா" என்று சொல்லி, அதைக் குப்பைச் சாக்கின் அடியில் வைத்து அழுத்தினார்.

அதைப் பற்றி அவர் ஒரு நாளும் கேட்கவில்லை. எப்போது கேட்பாரோ என்று, அவர் இறக்கும்வரை பயந்துகொண்டே இருந்தேன்.

இப்போது என் மண்வெட்டியில் ஏதோ மாட்டுகிறது. வெளியே இழுப்பதற்கு முன், எந்த வாசலிலாவது ஒரு பிள்ளை நிற்கிறதா என்று திரும்பிப் பார்க்கிறேன்.