ரோஸிக்கு இடமில்லாத படம்

போன சனிக்கிழமை ரோஸி வந்தாள். உள்ளே வா என்றால் வரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"அங்கிள், அப்பா செத்தன்னைக்கு ஒரு ஃபோட்டோ எடுத்தீங்கல்ல... அந்த நெகட்டிவ் வச்சிருக்கீங்களா?"

"இருக்கும்மா. எதுக்கு?"

"அதுல ஓரத்துல எங்கயாவது நான் இருக்கேனான்னு பாருங்களேன். கையோ, முந்தானையோ... எது தெரிஞ்சாலும் போதும்."

யார் இந்த ரோஸி? இங்கே சிங்கப்பூரில், மார்சிலிங்கில் எனக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த சூசையின் மகள். சூசை போன வருடம் காலமானார். அவர் மனைவி பக்கவாதத்தில் விழுந்து, தூத்துக்குடியில் தன் தங்கை வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிறார். கணவனின் அடக்கத்துக்கு வர முடியவில்லை. அவருக்கு அனுப்பத்தான் அந்தப் படம்.

சாவு வீட்டில் ஃபோட்டோவா என்று இளவட்டங்கள் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். கடல் தாண்டி வந்து பிழைக்கிறவர்களுக்கு இது வழக்கம். பெட்டியை மூடுவதற்கு முன் பிள்ளைகள் சுற்றி நிற்க ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்ப வேண்டும். யார் வந்தார்கள், யார் அழுதார்கள், யார் தலைமாட்டில் நின்றார்கள் — ஊரில் இருப்பவர்களுக்கு எல்லாவற்றுக்கும் அதுதான் சாட்சி.

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் கேமரா வைத்திருக்கிறவன் நான். கல்யாணமானாலும் கருமாதியானாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

என் கேமராவைப் பற்றி, வாரா வாரம் நான் எழுதும் இந்தப் பத்தியில் ஏற்கெனவே பீற்றிக்கொண்டிருக்கிறேன். அரை ஃபிரேம் கேமரா. ஒரு படம் விழுகிற இடத்தில் இரண்டு படம் விழும். முப்பத்தாறு படச் சுருளில் எழுபத்திரண்டு எடுக்கலாம். சிக்கனக்காரர்களுக்கு சொர்க்கம்! ஆனால் ஒரு சங்கதியைக் கடைக்காரர் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஃபிலிமில் விழும் படம் சிறுத்தால் லென்ஸின் பார்வையும் சிறுத்துவிடும். மற்ற கேமராக்களில் சாதாரணமாகப் பார்க்கிற ஐம்பது எம்எம் லென்ஸ், இதில் கடிவாளம் கட்டிய குதிரை மாதிரி நேரே மட்டும் பார்க்கும். ஓரங்கள் போய்விடும். ஜூம் கிடையாது, கால்தான் ஜூம். நிறையப் பேரை அடக்க வேண்டுமா? பின்னால் போ.

சூசையின் மூவறை வீட்டில் எங்கே பின்னால் போவது?

கூடத்தின் நடுவில் பெட்டி. சுற்றிலும் சொந்தம். முதுகு சமையலறைச் சுவரில் இடிக்கும்வரை போய்விட்டேன். சூசையின் மூத்த மகன் அருள் பக்கத்தில் வந்தான்.

"எல்லாரும் தெரியிறாங்களா, அங்கிள்?"

"இல்லப்பா. இந்த லென்ஸ்ல ஏழெட்டுப் பேருக்கு மேல அடங்காது."

கேமராக்காரனின் கவலையில் சொன்னேன். அவன் அதை அப்படியே பிடித்துக்கொண்டான். திரும்பி, பெட்டியின் கால்மாட்டில் நின்ற தங்கையைப் பார்த்தான்.

"ரோஸி, நீ கொஞ்சம் தள்ளிக்க லா. இடம் பத்தாதுன்னு அங்கிள் சொல்றாரு."

ரோஸி ஓர் இந்துப் பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டவள். கணவர் துவாஸ் தொழிற்பேட்டையில் லாரி ஓட்டுகிறார், தங்கமான மனுஷன். அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அவள் அந்த வீட்டுப் படி ஏறியது அன்றைக்குத்தான்.

எனக்குச் சுருக்கென்றது. "வேண்டாம்பா, ரெண்டு படமா எடுத்துடறேன். ஃபிலிம் நிறைய இருக்கு," என்றேன்.

"ஒண்ணு போதும், அங்கிள்."

"அப்ப கீழ, சுவரில்லாத வாய்ட் டெக்ல வச்சு எடுப்போம். அங்க இடம் தாராளம்."

"கீழ கொண்டு போறப்ப பெட்டிய மூடிடுவாங்க. மூடுனதை மறுபடி தொறக்கறது நல்லதில்ல."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். நான் தூரத்தைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், அவன் உறவைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். சாவு வீட்டில் அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது?

ரோஸி அப்பாவின் காலை ஒருமுறை தொட்டுவிட்டு, கதவுப் பக்கம் போய் நின்றாள். அவள் விட்ட இடத்தில் அருளின் மைத்துனர் வந்து நின்றார். சூசையோடு பேச்சுவார்த்தையே இல்லாத மனிதர். அவருக்கு இடம் இருந்தது!

எடுத்தேன். மூடினார்கள்.

ரோஸியைத் தனியாகவாவது எடுத்திருக்கலாமே என்பீர்கள். கேட்டேன். "பக்கத்துல அப்பா இல்லாம நான் மட்டும் நின்னா, அது எந்த சாவுன்னு அம்மாவுக்கு எப்படித் தெரியும், அங்கிள்?" என்றாள்.

படம் தூத்துக்குடிக்குப் போனது. அம்மா ஒவ்வொரு முகமாக விரல் வைத்துப் பார்த்தாராம். "ரோஸி எங்க?" என்று கேட்டாராம். பிறகு, "பெத்தவன் சாவுக்குக்கூட வரலையா அவ," என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். அதோடு மகள் பெயரையே எடுப்பதில்லை, ஃபோனிலும் பேசுவதில்லை. இப்போது உடம்பு ரொம்ப மோசம், இன்றைக்கோ நாளைக்கோ என்கிறார்கள்.

அதனால்தான் ரோஸி வந்து வாசலில் நின்றாள்.

நெகட்டிவை எடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்து, அந்தக் கட்டை விரல் அகலப் படத்தை மூலைமூலையாகத் துழாவினேன். ஒரு விரல்? ஒரு வளையல்? கதவோரம் ஒரு நிழல்?

ஒன்றும் இல்லை. பிசிறே இல்லாமல் அவ்வளவு சுத்தமாக எடுத்திருக்கிறேன். என் தொழில் சுத்தத்தின் மேல் எனக்கே வெறுப்பு வந்தது அன்றைக்குத்தான்.

"இல்லம்மா," என்றேன்.

"நல்லாப் பாத்தீங்களா, அங்கிள்?"

"பாத்தேம்மா. நீ அங்க இருந்தேன்னு நானே அம்மாவுக்கு எழுதறேன்."

ரோஸி சிரித்தாள். அழுதிருந்தால் தேவலை. "அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அங்கிள். சித்திதான் படிச்சுச் சொல்லணும். சித்தி அண்ணன் பக்கம்." லிஃப்ட் பக்கம் திரும்பி, "அம்மாவுக்குப் படம் பாக்கத்தான் தெரியும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆனாலும் எழுதிப் போட்டேன். இதுவரை பதில் இல்லை.

முதலில் எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டு எழுதும் வாசகர்களே... என்னுடையது மாதிரி அரை ஃபிரேம் கேமரா வைத்திருந்தால், அகலமாகப் பார்க்கிற லென்ஸை வாங்குங்கள். முகம் வேண்டுமானால் நாலு எட்டு முன்னால் போய்க்கொள்ளலாம். பின்னால் போக நம் வீட்டுச் சுவர்கள் விடாது. சுவர் விட்டாலும் சொந்தம் விடாது.

செவ்வாய்க்கிழமை நானே சிராங்கூன் ரோட்டுக்குப் போய் அகலமாகப் பார்க்கிற ஓர் இருபது எம்எம் லென்ஸ் கேட்டேன். கடைக்காரர் நல்லவர். பெட்டியில் போடுவதற்கு முன் எச்சரித்தார்.

"சார், ஒண்ணு சொல்லிடறேன். இதுல எல்லாரும் அடங்கிடுவாங்க. ஆனா ஓரத்துல நிக்கிறவங்க முகம் கொஞ்சம் கோணலா விழும். பரவால்லயா?"

கோணலாக விழட்டும் ஐயா... விழுந்தால் போதும்.