கண்ணு கேம்ப்

கனிந்து உடைந்த முந்திரிப்பழத்தின் வாசனை முதலில் இனிக்கும். அடுத்த மூச்சிலேயே தொண்டையைக் கரகரவென்று பிடிக்கும். போன வாரம் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண்ணின் மஞ்சப்பையிலிருந்து அது வந்தது. இறங்கவேண்டிய ஸ்டாப்பை விட்டுவிட்டு இரண்டு ஸ்டாப் தள்ளிப் போய் இறங்கினேன். உடம்புதான் பஸ்ஸில் இருந்தது. மூக்கு எப்போதோ நல்லூர் ரோட்டில் இறங்கி, செம்மண் பாதையில் நடக்கத் தொடங்கியிருந்தது.

அந்தப் பாதையின் கடைசியில் என் மனைவியின் பாகமாக வந்த தோப்பு. இரண்டு ஏக்கர். கரண்டுக் கம்பி அங்கே எட்டிப் பார்த்ததில்லை. முந்திரி மரம் நேராக நிற்கத் தெரியாத மரம். முழங்கையைத் தரையில் ஊன்றி, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டுதான் காய்க்கும். அப்படிப் படுத்த ஒரு கிளைமேல் சாய்ந்துகொண்டு என் மனைவி வாரப்பத்திரிகை படிப்பாள். உலகத்தில் அவள் எதையாவது தனக்கென்று சொன்னாளென்றால் அந்தக் கிளையைத்தான்.

அவள் தம்பி சேத்தியாத்தோப்பில் நெல் போடுகிறவன்; தோப்பின் வரவுசெலவையும் அவன்தான் பார்த்துக்கொண்டான். "மரம்லாம் கெழடு தட்டிடுச்சிக்கா. காய்ப்பே இல்ல. பொக்லைன் வுட்டுப் பேத்துட்டு தைலமரம் வெச்சிடலாம்" என்றான். அன்று ராத்திரிச் சாப்பாட்டில் உப்பு இல்லை.

நான் அப்போது விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் ஃபியூஸ் கட்டைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எந்த வேலையும் எனக்கு இரண்டு மழைக்காலம் தாங்காது. பட்டணத்து ஆட்கள் காசு கொடுத்துக் கூடாரத்தில் படுக்கிறார்கள் என்று அவள் பத்திரிகையில்தான் படித்தேன். வாசித்துக் காட்டினேன். அவள் தம்பிக்கு ஃபோன் போட்டாள்.

"ஒரு சீசன் குடுடா. பங்குனி கடைசி ஞாயித்துக்கெழம வரைக்கும். ஆளு வந்தா மரம் நிக்கட்டும். வரலன்னா பேத்துக்க."

"ஆளு வந்தாதான" என்றான் அவன்.

மூன்று கூடாரம் போட்டோம். தார்ப்பாய் காற்றுக்குப் பறக்காமலிருக்க, பட்டறையில் கழித்துக் கட்டிய ஃபியூஸ் கட்டைகளைக் கோத்து ஓரமெல்லாம் தொங்கவிட்டேன். காற்றடித்தால் பல் தந்தியடிக்கிற மாதிரி ஒரு சத்தம். கக்கூஸுக்கும் சூளையில் வாய் கோணிப்போன கோப்பைதான். உட்கார்ந்தால் ஒரு பக்கம் சாயும். தண்ணிக்கு அடிபம்பு, வெளிச்சத்துக்கு நாலு அரிக்கேன். வந்து பார்த்த மச்சான் ஃபியூஸ் கட்டைகளை எண்ணிப் பார்த்தான்.

"மாமா, கரண்டே இல்ல. ஃபியூஸு மட்டும் எரநூறு."

"ஃபியூஸ் போவாதுல்ல, அதுக்குத்தான்" என்றேன்.

மாசியில் ஒரு புருஷன் பெண்டாட்டி மெட்ராஸிலிருந்து வந்தார்கள். மரங்கள் பூவெடுத்திருந்த நேரம். தோப்பே சீயக்காயும் தேனும் கலந்த மாதிரி மணத்தது. அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டு மூச்சிழுத்ததைப் பார்த்து நாங்கள் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டோம். மறுநாள் காலை டீயைக் குடித்துவிட்டு புருஷன்காரர் சொன்னார்: "ரொம்ப நல்லாருக்கு சார். இன்னிக்கே கெளம்பறோம். செல்லுல சார்ஜ் இல்ல."

ரெண்டு பேரெல்லாம் கணக்கில் வராது என்றான் மச்சான். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. பங்குனியும் பாதி போய்விட்டது.

"வழி தெரியலங்க. அதான் வர்ல" என்றாள் என் மனைவி. ரோட்டு முக்கில் போர்டு வைப்பதென்று முடிவானது. 'நிழல் விரித்த வீடு' என்று எழுதப் போனேன். "வர்றவங்க என்ன பரிச்சையா எழுத வராங்க? புரியற மாதிரி எழுதுங்க" என்று பிரஷ்ஷைப் பிடுங்கினாள். தகரத்தில் சிவப்புப் பெயிண்ட்டில் அவளே எழுதினாள்: முந்திரித்தோப்பு கேம்ப். ஞாயிறு காலை முதல். அனைவரும் வருக. கீழே ஓர் அம்புக்குறி.

கடைசி ஞாயிறு. பொழுது விடிந்து அடிபம்பில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். செம்மண் பாதையில் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். முதலில் நாலு பேர். பின்னால் ஒரு ஷேர் ஆட்டோ நிறைய. அதற்குப் பின்னால் மினி பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள், ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு. என் மனைவி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு ஓடி வந்தாள்.

முன்னால் வந்த வயதான அம்மா கூடாரத்தை ஒரு கண்ணால் பார்த்தார். "டாக்டரு வந்துட்டாராம்மா?"

"எந்த டாக்டருங்க?"

"கண்ணு டாக்டரு. கேம்ப்புன்னு போர்டு போட்டுருக்குதே. பந்தலு போட்டுருக்காங்கன்னு மினி பஸ்ஸுல கண்டக்டரும் சொன்னாரு."

எங்கள் பக்கத்தில் கேம்ப் என்றால் ஒன்றே ஒன்றுதான்: கண் கேம்ப். அங்கேயே பிறந்து வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் அது அந்த நிமிஷம்தான் உறைத்தது.

நான் விஷயத்தைச் சொன்னேன். யாரும் கோபப்படவில்லை. "காசு குடுத்துத் தரையில படுக்கறாங்களா?" என்று எங்கள் ஜில்லா மங்களூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர் திரும்பத் திரும்பக் கேட்டார். முக்கால்வாசிப் பேர் வெறும் வயிற்றோடு வந்திருந்தார்கள். என் மனைவி பெரிய குண்டானில் கஞ்சி வைத்தாள். குடித்துவிட்டு, அந்தக் கிளையில் மூன்று பேர் சாய்ந்தார்கள். மற்றவர்கள் பார்வை மங்கிய கண்ணோடு உதிர்ந்த கொட்டையைத் தடவித் தடவிப் பொறுக்கி, கூடாரத்து வாசலில் குவித்தார்கள்.

மச்சான் வந்தபோது வெயில் ஏறியிருந்தது. கூடாரங்களை ஏற்றிக்கொண்டு போக டிராக்டரில் ட்ரெய்லர் பூட்டி வந்திருந்தான். வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி. இறங்கி, தோப்பு நிறைய ஆட்களைப் பார்த்து அப்படியே நின்றான்.

வயதான அம்மா அவனை அண்ணாந்து பார்த்தார். "உனக்கு ஆபரேசன் முடிஞ்சிடுச்சா தம்பி?"

நான் சிரிப்பை அடக்க அடிபம்புப் பக்கம் போய்விட்டேன். என் மனைவி சிரிக்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தம்பியிடம் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லாமலே இருந்திருக்கலாம். "இவங்கள்லாம் நம்ம கேம்ப்புக்கு வந்தவங்க இல்லடா. கணக்குல சேராது. சொன்னது சொன்னதுதான்."

அவன் கண்ணாடியைக் கழற்றினான். குவிந்திருந்த கொட்டையில் ஒரு கை அள்ளிப் பார்த்தான். காய்ப்பே இல்லாத மரத்தின் கொட்டை. திரும்பக் குவியலிலேயே போட்டான்.

"ஆளு வரணும்னுதான சொன்ன? இன்னா ஆளுன்னு சொல்லலியே."

அதற்கப்புறம் நாலு வருஷம் அந்த கேம்ப் நடந்தது. ஓகோவென்று இல்லை, நடந்தது. போர்டில் மட்டும் 'கண்ணு பாக்க மாட்டோம்' என்று ஒரு வரி சேர்த்தாள்.

அன்றைக்கு ட்ரெய்லரில் கூடாரம் ஏறவில்லை. எங்கள் பாயை விரித்து, ஒவ்வொருவராகக் கைகொடுத்து ஏற்றி உட்காரவைத்தான், ரோட்டு முக்கில் விட. டிராக்டரைக் கிளப்பியபின் சத்தத்துக்குமேல் கத்தினான்:

"பொக்லைன்காரனுக்கு ஃபோன் போட்டு, தோப்புல கண்ணு கேம்ப் நடக்குது, வராதேன்னு சொல்லிடறேன்க்கா. போயிட்டு வரேன்."